மூன்றாவது கம்பி

பெடல் ஸ்டீல் கிட்டாரில் எந்தக் கம்பி அடிக்கடி அறும் என்று அதை வாசிக்கும் யாரைக் கேட்டாலும் ஒரே பதில்தான் வரும்: மூன்றாவது. பத்துக் கம்பிகளில் மெல்லியது அதுதான். வரிசையில் மூன்றாவதாக இருந்தாலும் சுருதியில் எல்லாவற்றுக்கும் மேலே நிற்பதும் அதுதான். போதாததற்கு, பெடலை மிதிக்கும்போதெல்லாம் இன்னும் மேலே இழுபடுகிறது. நான் டெக்சஸில் ஆஸ்டின் பக்கம் குடியிருக்கிறேன்; வார இறுதிகளில் கன்ட்ரி இசைக் குழுக்களோடு நடன அரங்குகளில் வாசிக்கிறேன். என் கையிலும் கன்னத்திலும் மூக்குக்கண்ணாடியிலும் அடையாளம் வைத்தது பெரும்பாலும் இந்த மூன்றாவது கம்பிதான். கம்பி அறுவதைத் தற்செயல் என்று நினைத்து உட்காருகிறவர்கள்தான் அடிபடுகிறார்கள் என்பது இத்தனை வருஷத்தில் நான் பார்த்தது. அது எங்கே அறும், எப்போது அறும், எந்தப் பக்கம் பாயும் என்பதெல்லாம் ஏறக்குறைய முன்கூட்டியே சொல்லக்கூடிய விஷயம்.

இந்த வாத்தியத்தைப் பார்க்காதவர்களுக்காகக் கொஞ்சம். நான்கு கால் வைத்த நீளப் பலகையின்மேல் கம்பிகள் படுத்திருக்கும். சித்திரவீணை தெரிந்தவர்களுக்கு இடது கையின் வேலை உடனே புரிந்துவிடும். உருண்டையான எஃகு பார் ஒன்றைக் கம்பிகள்மேல் வழுக்கி வாசிக்க வேண்டும். வலது கைக் கட்டைவிரலில் பிளாஸ்டிக் பிக், அடுத்த இரண்டு விரல்களில் உலோகப் பிக். வித்தியாசமெல்லாம் பலகைக்குக் கீழேதான். இடது காலுக்கு மூன்று பெடல், முழங்கால்களுக்கு நான்கைந்து லீவர். மிதித்தால், கம்பி ஒலித்துக்கொண்டிருக்கும்போதே அதன் சுருதி மாறும். இதற்கு மூதாதையான ஹவாயன் கிட்டாரில் இந்த வேலையே கிடையாது. சுருதி சேர்த்துவிட்டால் கம்பி அப்படியே நிற்கும். 1954-இல் கன்ட்ரி பாடகர் வெப் பியர்ஸின் பாட்டு ஒன்றில், ஸ்டீல் கிட்டார் வாசித்த பட் ஐசக்ஸ், ஒலிக்கிற கம்பியைப் பெடலால் நகர்த்திக் காட்டினார். அதற்கப்புறம் கன்ட்ரி இசையின் தலைநகரான நாஷ்வில்லில் எல்லோருக்கும் அந்தச் சத்தம் வேண்டியிருந்தது. அன்றிலிருந்து கம்பிகளுக்கு ஓய்வு இல்லை.

நாஷ்வில்காரர்கள் வைக்கும் ஈ நைன்த் (E9) என்ற சுருதி அமைப்பில், ஈ-யை ஸட்ஜமாக வைத்துக்கொண்டால் மூன்றாவது கம்பி அந்தர காந்தாரம். நடுப் பெடலை மிதித்தால் சுத்த மத்யமம். ஒரே ஒரு அரை ஸ்வரம்தான், 415 ஹெர்ட்ஸிலிருந்து 440-க்கு. ஆனால் அந்தக் கம்பியின் தடிமன் 0.011 அங்குலம், அதாவது கால் மில்லிமீட்டருக்குச் சற்று அதிகம். 24 அங்குலத்துக்குக் கொஞ்சம் கூடுதலான நீளத்தில் அதைக் காந்தாரத்தில் நிறுத்த ஏறக்குறைய 13 கிலோ இழுவிசை வேண்டும். பெடலை மிதித்தால் 14 கிலோவைத் தாண்டும். சாதாரண எலக்ட்ரிக் கிட்டாரின் மெல்லிய கம்பியில் 7 கிலோ சொச்சம்தான் இருக்கும். 10 கிலோ அரிசிப் பையோடு இன்னும் நாலு கிலோவைக் கட்டி அந்த மெல்லிய எஃகில் தொங்கவிட்டு வாசிக்கிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். எஃகு தாங்கக்கூடிய எல்லைக்கு அது வெகு பக்கம்.

புதிதாக வாசிக்க வருகிறவர்கள் உடனே கேட்பது: அப்படியானால் தடியான கம்பி போட்டால் என்ன? போடலாம், பயன் இல்லை. தடிமன் கூடினால், கம்பியின் வெட்டுப் பரப்பு கூடும் அதே விகிதத்தில் அதே சுருதிக்கு வேண்டிய இழுவிசையும் கூடிவிடும். எஃகின் ஒவ்வொரு இழைக்கும் விழும் பாரம் மாறாது. அந்தப் பாரத்தைத் தீர்மானிப்பது கம்பியின் நீளமும் சுருதியும்தான். நீளம் குறைவான வாத்தியத்தில் மூன்றாவது கம்பி கொஞ்சம் நிம்மதியாக இருக்கும். அதற்காக வாத்தியத்தையே மாற்றச் சொல்ல மாட்டேன்.

இழுவிசை பாதிக் காரணம். மீதிப் பாதி சேஞ்சர். வலது கைப் பக்கம் ஒவ்வொரு கம்பியும் வளைந்த தலை உள்ள ஒரு அலுமினிய விரல்மேல் ஏறி, அதன் பின்பக்கம் உள்ள சின்ன ஊசியில் மாட்டியிருக்கும். பெடலை மிதித்தால் அந்த விரல் சுழன்று கம்பியை இழுக்கும். அப்போது வளைவுக்குச் சற்று முன்னால் நேராக இருந்த துண்டு வளைவின்மேல் படிந்து வளைகிறது. காலை எடுத்தால் மறுபடி நிமிர்கிறது. ஒரே இடம், ஒரே பாட்டில் எத்தனையோ தடவை. ஒயரை ஒரே இடத்தில் மடித்து மடித்து ஒடிப்போமே, அதேதான் இங்கே மெதுவாக நடக்கிறது. அறுந்த முனையைப் பூதக்கண்ணாடியில் பார்த்தால் கதை முழுக்கத் தெரியும். வெட்டு முகத்தின் ஒரு பக்கம் வழுவழுவென்று மங்கலாக இருக்கும். அது பல நாளாகக் கொஞ்சம் கொஞ்சமாக விரிந்த விரிசல். மறுபக்கம் சொரசொரவென்று பளபளக்கும். அது அந்தக் கடைசி மிதியில் கிழிந்தது. கம்பி நேற்றே பாதி அறுந்திருக்கிறது, நாம் இன்றைக்குத்தான் பார்க்கிறோம்.

சேஞ்சரின் உச்சியில் அறுந்தால் நீளமான துண்டு இடப்பக்கம் பாயும். அங்கே என்ன இருக்கிறது? இடது கையும் பாரும். ஒரு சனிக்கிழமை இரவு வால்ட்ஸ் ஒன்று நடந்துகொண்டிருந்தது; ஜோடிகள் மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தார்கள். நடுப் பெடலை இறக்கினேன், 'டிக்' என்று ஒரு சத்தம், புறங்கையில் சுரீர் என்றது. பாட்டு முடிந்து விளக்கு வெளிச்சத்தில் பார்த்தபோது ஆள்காட்டி விரல் கணுவிலிருந்து மணிக்கட்டு வரை பென்சிலால் கோடு போட்ட மாதிரி ஒரு சிவப்புத் தடிப்பு. ரத்தம் இல்லை. பார் கம்பியை அழுத்திப் பிடித்திருந்ததால் வேகத்தின் பெரும்பகுதி அதிலேயே போய்விட்டது. வாசித்துக்கொண்டிருக்கும்போது அறும் கம்பி அநேகமாக இவ்வளவுதான் செய்யும். 200 கிராம் எஃகு நமக்குக் காவல் இருக்கிறது.

அந்த நேரத்தில் வலது கைக்குத்தான் வேறொரு ஆபத்து. ஊசியில் மாட்டிய குட்டித் துண்டு சேஞ்சர் தலையில் நிமிர்ந்து நிற்கும், ஒரு சென்டிமீட்டர்கூட இருக்காது. மேடை வெளிச்சத்தில் கண்ணுக்குத் தெரியாது. சத்தத்தை அடக்க உள்ளங்கையின் சுண்டுவிரல் பக்கத்தைக் கம்பிகள்மேல் வைத்து வைத்து எடுப்பது இந்த வாசிப்பின் அடிப்படை. கை கொஞ்சம் வலப்பக்கம் நகர்ந்தால் அந்த முள்மேல்தான் இறங்கும். கம்பி அறுந்தது தெரிந்த உடனே வலது கையை இரண்டு விரற்கடை இடப்பக்கம் நகர்த்திக்கொள்வதை நான் பழக்கமாகவே வைத்திருக்கிறேன். பாட்டு முடியும் வரை அந்தத் துண்டைத் தொடுவதில்லை. முடிந்ததும் சின்னக் குறடால் எடுப்பேன், விரலால் அல்ல.

உண்மையான ஆபத்து வாசிக்கும்போது இல்லை. சுருதி சேர்க்கும்போதும் கம்பி மாற்றும்போதும்தான். அப்போது பார் கம்பிமேல் இருக்காது, முகம் கம்பிக்குப் பக்கத்தில் இருக்கும். திறந்த கம்பியின், அதாவது பெடல் மிதிக்காத கம்பியின் சுருதியை இடப்பக்கக் கீயில், கம்பியை இறுக்கும் முறுக்காணியில், சேர்ப்போம். பெடல் மிதித்த சுருதியைச் சேர்க்க வலப்பக்கம் போக வேண்டும்; சேஞ்சரின் ஓரத்தில் வரிசையாக இருக்கும் நைலான் நட்டுகளைச் சின்னச் சாவியால் திருக வேண்டும். எந்த நட்டு என்று பார்க்க வலப்பக்கம் சாய்ந்து குனிகிறோம். இடது கால் பெடல்மேல். அதாவது கம்பி தன் உச்ச இழுவிசையில் இருக்கும் அந்தக் கணத்தில் கண் கம்பிகளின் மட்டத்துக்கு வந்துவிடுகிறது. அப்போது கீ பக்கம் அறுந்தால் அரை மீட்டருக்கு மேல் நீளமுள்ள கம்பி நேராக முகத்துக்குத்தான் வரும். இழுபட்டு அரை சென்டிமீட்டர் போல நீண்டிருந்த எஃகு ஒரே அடியாகச் சுருங்குகிறது. இமை மூட நேரம் கிடைக்காது.

எனக்கு அது நடந்தபோது படிக்கும் கண்ணாடி போட்டிருந்தேன். கம்பி முனை கண்ணாடியின் வலது வில்லையில் மேலிருந்து கீழாக ஒரு கீறல் போட்டுவிட்டுக் கன்னத்து எலும்பில் குத்தி நின்றது. கீறல் சரியாகக் கருவிழிக்கு எதிரே. அந்தக் கண்ணாடியைத் தூக்கிப் போடவில்லை, கம்பிப் பெட்டிக்குள் வைத்திருக்கிறேன். பாடம் கேட்க வருகிறவர்கள் 'கண்ணாடியெல்லாம் எதுக்கு சார்' என்றால் அதை எடுத்துக் கையில் கொடுத்துவிடுவேன்.

எங்களோடு அடிக்கடி வாசிக்கும் நண்பர் ஒருவருக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. அதே மாதிரிக் குனிந்து சுருதி சேர்த்தார், கண்ணாடி இல்லை. கண்ணில் தூசி விழுந்த மாதிரிதான் இருந்ததாம். துடைத்துக்கொண்டு மீதி நிகழ்ச்சியையும் வாசித்து முடித்துவிட்டார். மறுநாள் காலையில் பார்வை மங்கல். மருத்துவமனையில் பார்த்தபோது கருவிழியின்மேல் உள்ள படலத்தில் ஊசி முனையளவு துளை. தையல் போட வேண்டியிருந்தது. பார்வை திரும்பிவிட்டது. ஆனால் மேடை விளக்குகளைப் பார்த்தால் இன்றும் அவருக்கு அந்தக் கண்ணில் வெளிச்சம் சிதறுகிறது. அவர் நிலையில் யார் இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார்கள், ஏனென்றால் மெல்லிய கம்பி குத்தினால் வலி பெரிதாக இல்லாமலும் போகலாம், ரத்தம் வராமலும் போகலாம். வலியை வைத்துக் கண் காயத்தை அளக்கக் கூடாது என்பதைத்தான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன்.

கம்பி கண்ணில் பட்டது என்று தெரிந்தால் வாசிப்பை அங்கேயே நிறுத்துங்கள். தேய்க்கக் கூடாது. தண்ணீர் அடித்துக் கழுவக் கூடாது. தூசிக்கு அது சரி, துளை விழுந்த கண்ணுக்குக் கெடுதல். சொட்டு மருந்து, களிம்பு எதுவும் வேண்டாம். கம்பி குத்திக்கொண்டு நின்றால் பிடுங்க வேண்டாம். காகிதக் கோப்பையின் அடிப்பாகத்தை வெட்டி, கண்ணில் அழுத்தாமல் சுற்றியுள்ள எலும்பில் பதியும்படி வைத்து டேப் ஒட்டுங்கள். படுக்காமல் உட்கார்ந்தபடி, நேராகக் கண் மருத்துவர் உள்ள அவசரப் பிரிவுக்குப் போங்கள், வேறொருவர் வண்டி ஓட்டட்டும். அறுவை சிகிச்சை தேவைப்படலாம், அதனால் வழியில் எதுவும் சாப்பிட வேண்டாம். கருவிழியின் நடுவில் உள்ள பாப்பா வட்டமாக இல்லாமல் ஒரு பக்கம் இழுபட்டுத் தெரிந்தால், கண்ணிலிருந்து நீர் நிற்காமல் வழிந்தால், பார்வையில் கறுப்புப் புள்ளிகள் மிதந்தால் ஒரு நிமிஷமும் தாமதிக்கக் கூடாது. குத்தியது எஃகுக் கம்பி என்று மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். துணுக்கு உள்ளே தங்கியிருந்தால் எம்ஆர்ஐ எடுப்பது ஆபத்து.

கம்பி மாற்றும் வேலைக்கு வருவோம். இழுவிசையில் இருக்கும் கம்பியை வெட்டவே கூடாது. கீயைத் திருகி, கம்பி தொய்ந்து விரலால் தூக்கும் அளவுக்கு வந்த பிறகுதான் கட்டர். புதுக் கம்பியைக் கட்டி மீதியை வெட்டும்போது, போகப்போகிற துண்டை மறுகையால் பிடித்துக்கொண்டு வெட்டுங்கள். பிடிக்காவிட்டால் அது பறக்கும். எங்கே விழுந்தது என்று தெரியாது. ஒட்ட வெட்டுவதும் முக்கியம். கீ தண்டில் அரை அங்குலம் மீசை விட்டுவைத்தால், அடுத்த கம்பியை மாற்றும்போது அது நகக்கண்ணில் ஏறும். ஏறியவர்களுக்கு அந்த வலி தெரியும். புதுக் கம்பியைச் சுருதிக்கு ஏற்றும்போது சுருதி காட்டும் ட்யூனரை மட்டும் நம்பக் கூடாது. அது ஸ்வரத்தின் பெயரைத்தான் காட்டும், எந்த ஸ்தாயி என்று பல ட்யூனர்கள் காட்டாது. ஆறாவது கம்பியும் அதே காந்தாரம்தான், ஒரு ஸ்தாயி கீழே. அதோடு காதால் ஒப்பிட்டுப் பார்த்துக்கொண்டே ஏற்றுங்கள். முகம் பின்னால் இருக்கட்டும்.

வீட்டில் குழந்தை இருந்தால் இன்னொரு வேலையும் உண்டு. கம்பி மாற்றி முடித்ததும் தரைவிரிப்பின்மேல் ஒரு காந்தத்தை ஓட்டி எடுப்பேன். எஃகுத் துணுக்குகள் ஒட்டிக்கொண்டு வந்துவிடும், ஒவ்வொரு தடவையும் ஏதாவது வரத்தான் செய்கிறது. தவழும் குழந்தையின் முட்டியில் 0.011 அங்குலக் கம்பி ஏறினால் உள்ளே எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிப்பதே கஷ்டம். பழைய கம்பிகளைச் சுருட்டி மூடியுள்ள பிஸ்கட் டப்பாவில் போடுகிறேன், குப்பைப் பையில் அல்ல. பையைத் தூக்குகிறவர் கையையும் நினைக்க வேண்டும்.

விரலில் குத்தினால் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் நன்றாகக் கழுவி, சுத்தத் துணியால் அழுத்திப் பிடித்தால் போதும். டெட்டனஸ் ஊசி கடைசியாக எப்போது போட்டீர்கள் என்று யோசித்துப் பாருங்கள். பத்து வருஷம் ஆகியிருந்தால் போட்டுக்கொள்ள வேண்டும், கம்பி அழுக்காக இருந்தது என்றால் ஐந்து வருஷமே கணக்கு. குத்துக் காயம் வெட்டுக் காயத்தைவிட மோசமானது, வாய் சின்னது, ஆழம் அதிகம், அழுக்கு உள்ளேயே தங்கும். ஓரிரு நாளில் விரல் முழுக்க வீங்கி, மடங்கியே நின்று, நிமிர்த்தினால் உயிர் போகிற மாதிரி வலித்தால் அது தசைநாண் உறைக்குள் சீழ் பிடிப்பதன் அறிகுறி. மாத்திரை வாங்கிப் போட்டுக் காத்திருக்கிற விஷயம் அல்ல, அன்றைக்கே மருத்துவரிடம் போக வேண்டும். சர்க்கரை நோய் உள்ளவர்கள் இதில் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். விரல் போனால் வாசிப்பு போய்விடும்.

இவ்வளவையும் தவிர்க்க நல்ல வழி, அறுவதற்கு முன்னால் நாமே கழற்றிவிடுவது. எனக்குச் சொல்லிக்கொடுத்த பெரியவர் எழுபதைத் தாண்டியவர், டெக்சஸ் அரங்குகளிலேயே ஆயுளைக் கழித்தவர். மூன்றாவது கம்பியை மட்டும் தனியாக டஜன் கணக்கில் வாங்கி வைத்திருப்பார். ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் போகுமுன் வீட்டிலேயே மாற்றி, நடுப் பெடலைச் சில நிமிஷம் மிதித்து மிதித்துக் கம்பியை நிலைப்படுத்தி, அப்புறம்தான் வண்டியில் ஏற்றுவார். தனிக் கம்பி ஒன்றின் விலை ஒரு காப்பிக்குக்கூடக் காணாது. நானும் அப்படித்தான் செய்கிறேன். இடையில் சந்தேகம் வந்தால், சேஞ்சர் உச்சியில் கம்பியின் அடிப்பக்கத்தை நகத்தால் தடவிப் பார்ப்பேன். நெருடினால் மாற்றிவிடுவேன். பெடலை விட்ட பிறகு சுருதி இறங்கி இறங்கி நின்றாலும் அதே முடிவுதான்.

அப்படி மாற்றியும் ஒரே கம்பி திரும்பத் திரும்ப அறுந்தால் சேஞ்சர் விரலின் தலையைப் பாருங்கள். அலுமினியம் மென்மையானது, எஃகுக் கம்பி நாளாவட்டத்தில் அதில் பள்ளம் பறித்துவிடும். பள்ளத்தின் விளிம்பில்தான் கம்பி மடிந்து சாகிறது. கம்பியை எடுத்துவிட்டு, மிக நைசான உப்புத்தாளால் கம்பி ஓடும் திசையிலேயே சில இழுப்பு இழுத்து, அப்புறம் உலோகப் பாலிஷ் போட்டுத் துடைத்தால் போதும். வளைவின் வடிவம் மாறும் அளவுக்குத் தேய்க்கக் கூடாது. பள்ளம் ஆழமாக இருந்தால் இந்த வாத்தியம் பழுது பார்ப்பவரிடம் கொடுத்துவிடுங்கள். புதுக் கம்பி போடுமுன் உச்சியில் ஒரு துளி மெல்லிய எண்ணெய் வைத்தால் உரசல் குறையும். இடது கோடியில் கம்பி ஏறிப்போகும் சின்ன உருளைகள் சுற்றுகின்றனவா என்றும் பாருங்கள். தூசி அடைத்து நின்றுபோன உருளை கம்பியை ரம்பம் மாதிரி அறுக்கும், அதுவும் கீ பக்கத்தில். அங்கே அறுந்தால் முகத்துக்கு வரும் என்று மேலே சொன்னேன்.

இதெல்லாம் செய்தாலும் ஏதோ ஒரு இரவில் மேடையில் அறும். அப்போது பாட்டை நிறுத்த வேண்டியதில்லை. ஆறாவது கம்பியில் அதே ஸ்வரம் ஒரு ஸ்தாயி கீழே இருக்கிறது, அதே பெடல்தான் அதையும் தூக்கும். மெட்டை அங்கே இறக்கி வாசித்துவிடலாம். ஒரு கம்பியின் பாரம் போனதால் பலகை இம்மியளவு நிமிர்ந்து மற்றக் கம்பிகளின் சுருதி ஒரு துளி ஏறியிருக்கும். பாரை மயிரிழை பின்னால் இழுத்துக் காதால் சரிசெய்துகொள்ளலாம். இடது கைமேல் சுருண்டு கிடக்கும் நீளத் துண்டைப் பாட்டு நடுவே உதறக் கூடாது, பக்கத்தில் ஃபிடில் வாசிப்பவர் நிற்பார். பாட்டு முடிந்ததும் பாடகருக்குக் கண் காட்டினால் பெடல் ஸ்டீல் தேவைப்படாத பாட்டு ஒன்றை எடுப்பார். அந்த மூன்று நிமிஷம் போதும். என் பையின் முன் அறையில் குறடு, கட்டர், கண்ணாடி, சின்ன டார்ச், தனித்தனி உறையில் மூன்றாவதும் ஐந்தாவதுமாகச் சில கம்பிகள் எப்போதும் இருக்கும். முதலில் எடுப்பது கண்ணாடியை.